முள் நடுவுக்கு வரட்டும்

எதிர்வீட்டுத் தம்பிக்கு அவன் தாத்தாவின் புல்லட் வந்து சேர்ந்திருக்கிறது. எண்பதுகளில் வாங்கிய 350. கொருக்குப்பேட்டைக்கு அது வெளியூர் வண்டி இல்லை; ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, திருவொற்றியூரில் பிறந்தது. எல்லையில் ஓட்ட ராணுவம் புல்லட் கேட்டதால், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட அந்த இரும்பு சிலிண்டர் எஞ்சினோ இந்தப் பக்கத்தில்தான் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது.

"உதைச்சு உதைச்சு காலே போச்சுண்ணா. கார்புரேட்டரை மாத்திடலாமா?" என்று கேட்டான். "மொதல்ல டீ குடி" என்றேன். அந்த டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க நினைத்தது, இரண்டு டீ தாண்டிப் போனது.

ஹெட்லைட்டுக்கு மேலே சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, அதை அழகுக்கு வைத்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்திப் பாருங்கள். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு வெட்டும் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். இந்த எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு முறைதான் பாயிண்ட் திறக்கிறது, அதுவும் பிஸ்டன் காற்றை இறுக்கி உச்சிக்கு வரும் நேரத்தில். எஞ்சின் உள்ளே எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே காட்டும் முள் அது.

ஸ்டார்ட் செய்யும் வழியும் இதில்தான் இருக்கிறது. கிக்கர் கனக்கும்வரை அழுத்துங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரசரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிடுங்கள். பிறகு ஒரே உதை, முழு உதை. அவசரமாகப் பாதி உதை உதைத்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும்.

முள் அசையாமல் நடுவிலேயே கிடந்தால் கரண்ட் போகவில்லை: பேட்டரி, ஒயர், அழுக்கான பாயிண்ட், இவற்றில் ஒன்று. எப்போதும் மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை. கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வருடங்களுக்கு முன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கேட் திறந்தும் என் வண்டி நகரவில்லை, பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரனை விடாமல் அடித்தன. ஓரமாகத் தள்ளிப் போய் பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன், பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில் வலப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பாயிண்ட் இடைவெளியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. கேமில் உரசி ஓடும் அந்தப் பாயிண்டின் குதிகால் தேய்ந்துகொண்டே வரும். தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்னால் போகும், ஒருநாள் நின்றுவிடும். நான் அங்கே ஒரு சொட்டு கிரீஸ்கூட வைத்ததில்லை.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பாயிண்டின் முகம் கறுத்திருந்தால் சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுங்கள். உப்புத்தாள் போட்டால் அதன் மணல் உள்ளேயே தங்கிவிடும். சுத்தம் செய்த சில நாளிலேயே மறுபடி கருகினால், சூடானதும் வண்டி நின்று ஆறியதும் ஓடினால், கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

அடுத்து டேப்பட். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். அதே முள்ளை வைத்து பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் ஓரத்து மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் தள்ளும் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். தம்பியின் இரண்டு விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "சுத்திப் பாரு. சுலபமா சுத்தணும், ஆனா மேலே கீழே ஆடக் கூடாது." ஒன்று வழுக்கிக்கொண்டு சுற்றியது. இன்னொன்று பிடித்தது. டக் டக் சத்தம் பிடிக்காமல் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் வால்வு முழுசாக மூடாது, சூட்டில் கருகும். கொஞ்சம் சத்தம் கேட்டால் கேட்கட்டும் என்பது என் கட்சி.

ஆயிலில்தான் நல்லவர்கள்கூட ஏமாறுகிறார்கள். இந்த எஞ்சினில் ஆயில் தனி அறையில் இருக்கிறது. ஒரு பம்ப் அங்கிருந்து அனுப்பும், இன்னொன்று திரும்ப இழுக்கும். வண்டி சில வாரம் சும்மா நின்றால் ஆயில் கசிந்து பிளைவீல் பக்கம் இறங்கிவிடும். அப்போது குச்சியை எடுத்துப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறி, புகையும் ஒழுகலும் ஆரம்பிக்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஆயில் திரும்பியபின் பாருங்கள்.

நம்ம ஏரியாவுக்கென்று ஒரு வேலை தனியாக உண்டு. கடல் காற்றில் உப்பு. எர்த் ஒயர் இணையும் போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பூத்துவிடும். மழைக்கு முன்னால் கழற்றி, பளபளவென்று சுரண்டி, முடுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். பல வண்டிகளில் "காயில் போச்சு" என்று மாற்றியதெல்லாம் இந்த ஒரு போல்ட்டால் வந்த வினை.

தம்பி புஷ்ராடைத் தளர்த்தி, மறுபடி விரலால் சுற்றிப் பார்த்தான். மூடியைப் போட்டோம். அவனே கிக்கரை இறக்கினான், முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்தான். இரண்டாவது உதையில் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றப்போகிறோம். டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.