உளுந்தை நிறுத்தினேன், தண்ணீரை மறந்தேன்

போன பங்குனியில் புவனகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் உளுந்து பிடுங்கினோம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே ஈரத்தில் விதைக்கிற நெல் தரிசு உளுந்து. சிதம்பரம் வட்டாரத்தில் எல்லாரும் செய்வதுதான். மூன்று நாள் வெயிலில் ஆட்களோடு நின்றுவிட்டு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் மூட்டில் நெருப்பு வைத்த மாதிரி வலி. போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது. காலையில் பார்த்தால் விரல் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருக்கிறது. ஏதோ முள் குத்தியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.2 என்று வந்தது. ஆண்களுக்கு 7 வரையும் பெண்களுக்கு 6 வரையும் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. செய்தி பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். "பருப்பை விடு, உளுந்தைத் தொடாதே" என்பதுதான் எல்லாரும் சொன்னது. நானும் இரண்டு மாதம் இட்லி, தோசை, சாம்பார் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். உளுந்து விளைவிக்கிறவன் உளுந்து தின்னக் கூடாதா என்று மனசுக்குள் ஒரே ஆற்றாமை. அப்படியும் வலி திரும்ப வந்தது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனேன். அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினினும் ஏறியிருந்தது. அதன் பிறகுதான் சிறுநீரக மருத்துவரிடம் போனேன்.

அவர் சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "சார், வயலுக்குப் போற அன்னைக்கு எத்தனை தடவை யூரின் போறீங்க?" என்று கேட்டார். காலையில் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை என்றேன். நிறம்? டீ டிகாஷன் மாதிரி. "அப்ப உங்க உளுந்து மேல தப்பு இல்லை" என்றார்.

வங்கியில் வரவு செலவு பார்த்தே காலம் கழித்தவன் என்பதால் அவர் சொன்ன கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நம் உயிரணுக்களில் பியூரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது சிதைந்து கடைசியில் மிஞ்சும் கழிவுதான் யூரிக் அமிலம். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடம்பே உண்டாக்குவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதி ஒரு பங்குதான். வெளியேறுவதில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீர் வழியாகவும், மீதி குடல் வழியாகவும் போகிறது. அளவு கூடியவர்களில் பெரும்பாலோருக்கு வரவு கூடியது கோளாறு இல்லை, செலவு குறைந்ததுதான் கோளாறு. நானோ செலவுப் பக்கத்தைப் பார்க்காமல் வரவுப் பக்கத்தில் இட்லியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாக இருக்கிறதே, அதுவும் யூரிக் அமிலம்தான். கோழி எருவில் தழைச்சத்து தூக்கலாக இருப்பதற்கு அது ஒரு காரணம். மாட்டின் உடம்பில் இதை இன்னும் நன்றாகக் கரையும் பொருளாக மாற்ற ஒரு நொதி உண்டு. மனிதனுக்குப் பரிணாமத்தில் அந்த நொதி தொலைந்துவிட்டது. ஆகவே ரத்தத்தில் சுமார் 6.8-ஐத் தாண்டினால், பாகு ஆறிக் கற்கண்டு படிகிற மாதிரி, ஊசி ஊசியாகப் படிகம் விழலாம். குளிர்ந்த இடத்தில் சீக்கிரம் படியும் என்பதால் உடம்பின் கடைக்கோடியான கால் பெருவிரலில்தான் பெரும்பாலும் முதலில் தொடங்குகிறது. சிறுநீரகத்தில் படிந்தால் அது கல். மண்ணுக்கு பி.எச். பார்க்கிறோமே, அதேபோல சிறுநீரின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் இந்தக் கல் எளிதில் உண்டாகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களிடமும் யூரிக் அமிலம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அதைக் குறைத்தால் அந்த நோய்கள் தீரும் என்று நிரூபணமாகவில்லை. அளவு கூடிய எல்லாருக்கும் மூட்டுவலி வருவதும் இல்லை.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறைச்சியும் கடல் உணவும் அதிகம் தின்றவர்களுக்கு இந்த மூட்டுவலி கூடியது. பியூரின் உள்ள பருப்பு, கீரை, காளான் தின்றவர்களுக்குக் கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் எடுத்தவர்களுக்குக் குறைந்தது. நம் கடலூர்க் கணக்கில் சொன்னால் நெத்திலி, மத்தி, இறால், ஆட்டு ஈரல் இவற்றைக் குறைக்கணும், பீரை விடணும், மோர் தாராளமாகக் குடிக்கலாம்.

இயற்கை விவசாயிகளான நமக்கு இன்னொன்றும் சொல்லணும். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலில் யூரிக் அமிலத்தைக் கூட்டும். நாட்டுச்சர்க்கரை, தேன், வெல்லம் என்றால் ஒன்றும் செய்யாது என்று தினம் ஐந்து டீ குடித்தவன் நான். ரசாயனம் போடாத கரும்பில் காய்ச்சியது என்பதற்காகக் கல்லீரல் சலுகை காட்டாது.

அதேபோல "இயற்கை மருந்து" என்று கண்வலிக் கிழங்கைத் தேடிப் போகாதீர்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. திண்டுக்கல், திருப்பூர் பக்கமும் வேதாரண்யத்திலும் அதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் இந்த மூட்டுவலிக்கு மருந்துதான். ஆனால் மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் கொடுப்பது அது. வீட்டில் கிழங்கை அரைத்துத் தின்றால் உயிரே போகும். அந்த மருந்தும் வீக்கத்தைத்தான் அடக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அதற்கு மாத்திரை வேறு.

வெயிலில் வேலை செய்து உடம்பு வற்றினால் சிறுநீர் குறைகிறது, கெட்டியாகிறது, புளிப்பேறுகிறது. அதன் மேல் வலி மாத்திரை விழுந்தால் சிறுநீரகம் என்னதான் செய்யும்? மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளைஞர்களுக்கு, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் கெடுகிறது. வெயிலும் தண்ணீர்க் குறைவும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. யூரிக் அமிலப் படிகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து இதுபோன்ற நோய் இருக்கிறது. அங்கே காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களும் இதே வெயிலில்தான் நிற்கிறார்கள்.

இதையெல்லாம் எங்கள் வயலில் களையெடுக்க வந்த பெண்களிடம் சொன்னேன். ஒரு அம்மா கேட்டார்: "தண்ணி குடிச்சா எங்க போறதுங்க ஐயா? சுத்திலும் வெட்டவெளி." எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷம் அது எனக்குத் தோன்றாமலே போய்விட்டது.

இப்போது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தென்னங்கீற்று வைத்து ஒரு மறைப்பும், குழியும், தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. வரப்பு மேல் இரண்டு மண்பானை. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் நீர்மோர். வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிகிறது. நான் மருத்துவர் தந்த மாத்திரையை விடாமல் போடுகிறேன். வலி மாத்திரையை நானாக வாங்குவதில்லை. யூரிக் அமிலம் 5.8-க்கு இறங்கியிருக்கிறது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாஷன் மாதிரி இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுப் பானைப் பக்கம் போங்கள்.

இந்தப் பங்குனி உளுந்தில் அரைத்த இட்லி இன்று காலை நான்கு சாப்பிட்டேன்.