உங்களுக்குத் தெரியுமா? மூலையில் நிற்கும் மவுண்டன் பைக்

★ மவுண்டன் பைக் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. வீட்டுக் கொட்டகையில் பிறந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள், 1930களில் வந்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் ஓட்டினார்கள். அந்த வண்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிளங்கர்’. நம் ஊரில் ‘ஓட்டை சைக்கிள்’ என்போமே, அதே செல்லம்தான்.

★ 1976இல் அவர்கள் தொடங்கிய மலையிறக்கப் பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. சுமார் 3.4 கி.மீ. பாதையில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, ஹப்பில் இருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். பந்தயம் முடிந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். பெயர்க் காரணம் அதுதான். அவர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் எடுத்த 4 நிமிடம் 22 விநாடி அங்கே சாதனை நேரம்.

★ கிளங்கர்களில் மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரையும் பூட்டிப் பார்த்தார்கள். கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பதே அப்போதைய தொழில்நுட்பம். மலைக்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்து 1977இல் வண்டி கட்டியவர், அதே குழுவின் ஜோ பிரீஸ்.

இனி உங்கள் வீட்டு வண்டிக்கு வருவோம்.

★ 1.5-ம் 1½-ம் கணக்கில் ஒன்று. டயரில் வேறு வேறு! 26 x 1.5 என்ற டயர் 559 மி.மீ. ரிம்முக்கு உரியது. 26 x 1½ என்ற டயருக்கு 584 மி.மீ. ரிம் வேண்டும். பழைய மவுண்டன் பைக்கில் இருப்பது பெரும்பாலும் 559. கடைக்குப் போகுமுன் பழைய டயரின் பக்கவாட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

★ சாலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், பட்டன் பட்டனாக இருக்கும் டயரை மாற்றி வழவழப்பான டயர் போடுங்கள். மிதிப்பது லேசாகும், ‘உர்ர்’ சத்தமும் நிற்கும். குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது இதுதான்.

★ இடது பெடலுக்கு இடது மரை. மற்ற திருகு போல நினைத்துத் திருப்பினால் இன்னும் இறுகும். ஸ்பானரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் கழலும்.

★ செயினின் வயதைப் பள்ளிக்கூட ஸ்கேல் சொல்லிவிடும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக உட்காரும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளி இருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளிவிட்டால் பின்பக்கப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

★ ‘டிக் டிக்’ என்று விழாமல் வழுக்கிக்கொண்டு நகரும் பழைய கியர் லீவரைத் தூக்கி எறியாதீர்கள். பின்னால் 6 பல்சக்கரம் இருந்தாலும் 8 இருந்தாலும் கை உணர்வில் அது மாற்றித் தரும். எண் போட்ட லீவர், தனக்கு உரிய கணக்கை விட்டு நகராது.

★ பழைய கேன்டிலீவர் பிரேக்கை எடுத்துவிட்டு வி-பிரேக் போட்டால், லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும். வி-பிரேக்குக்குக் கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும். பழைய லீவர் அவ்வளவு இழுக்காது.

★ ஃப்ரேமில் காந்தம் ஒட்டினால் இரும்பு. மாற்றிப் போடும் பின்சக்கரத்தின் ஹப் சற்று அகலமாக இருந்தால், பழகிய மெக்கானிக் இரும்பு ஃப்ரேமைக் கொஞ்சம் விரித்துக் கொடுப்பார். அலுமினியத்தில் அந்த வேலை கூடவே கூடாது, விரிசல் விடும்.

★ இரும்பு ஃப்ரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்ட் இருந்தால், ஈரம் பட்டுப் பட்டு இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவினால் போதும். மறுபடி செருகும்போது, போஸ்டில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

கடைசியாக ஒன்று: கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு தரையில் மிஞ்சிக் கிடக்கும் ஒற்றை வாஷர் எந்த இடத்தது என்று அந்தப் படம் மட்டுமே சொல்லும்.