உச்ச நாளின் ஆள் கணக்கு: ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பருவ உழைப்பு

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். செம்மநத்தம் உள்ளிட்ட ஏற்காட்டு மலையூர்களின் வேலைநாட்களை இன்றும் அச்செடியே பெரிதும் தீர்மானிக்கிறது.

அரபிகா பழம் ஏறத்தாழ நவம்பர் முதல் ஜனவரி வரை சிவக்கிறது. ஒரே கிளையில்கூட எல்லாம் ஒன்றாகப் பழுப்பதில்லை. சிவந்ததை மட்டும் பறித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாளில் மறுசுற்று வரவேண்டும். தாமதித்தால் பழம் உதிரும், அல்லது செடியிலேயே காய்ந்து விலை இழக்கும்.

பத்து ஹெக்டேர் தோட்டம் ஒன்று 25,000 கிலோ பழம் தருவதாகக் கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு 50 கிலோ பறித்தால் 500 ஆள்நாட்கள் தேவை. அறுபது நாளுக்குப் பகிர்ந்தால் எட்டுப் பேர் போதும் என்று தோன்றும். ஆனால் பாதிப் பழம் நடுச்சுற்றில் பத்தே நாளில் சிவந்தால் 25 பேர் வேண்டும். பருவம் முடிந்தபின் ஐந்தாறு பேர் போதும். பெயர்ப் பதிவேட்டில் நிலைப்பவர்கள் அந்த ஐந்தாறு பேர்தாம். எஞ்சியோர் மேஸ்திரி வழியே முன்பணம் பெற்று வரும் பட்டியல் சாதியினரும், மலையாளி எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினரும் (பெயரைத் தவிர இவர்களுக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை). தலைமுறைகளாக இம்மலையில் உழைத்தாலும் ஏட்டில் இவர்கள் 'பருவ ஆட்கள்'.

இந்த உச்ச நாட்களுக்குச் சட்டத்தில் தனி எடை இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1981 திருத்தத்திற்குப் பின், ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஏதேனும் ஒரு நாளில் பதினைந்து பேர் வேலை செய்திருந்தாலே பொருந்தியது. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு அறுபது நாளுக்கு மேல் உழைத்தவரையும் 2010 திருத்தம் தொழிலாளர் என்றது. ஆகவே ஐம்பத்தைந்தாம் நாளில் குழுவை மாற்றும் தோட்டம் காப்பிச் செடியைப் பார்த்துத் திட்டமிடவில்லை. அச்சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புக்கு வழிவிட்டது. பதிவேட்டில் இல்லாதவர் தம் வேலைநாட்களை மெய்ப்பிக்க வேண்டிய நிலை மட்டும் மாறவில்லை.

கிலோக் கூலியிலும் இதே சிக்கல் உண்டு. முதற்சுற்றில் பழம் அரிது. நாள் முழுதும் அலைந்தாலும் 20 கிலோ தேறாமல் போகலாம். நாட்கூலிக்கு மட்டும் குறைந்தபட்சம் நிர்ணயிக்கப்பட்ட வேலையில், எடை குறைந்தது என்று அதற்குக் கீழே கொடுக்க முடியாது. இவ்விதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2019 ஊதியத் தொகுப்பிலும் இருக்கிறது.

வேறு விதமாகத் திட்டமிட இயலாதா? காப்பி முடியும் தறுவாயில் மிளகு பறிப்பு வருகிறது. பிறகு கவாத்து, நிழல்மரக் கிளை கழித்தல், தண்டுத் துளைப்பான் தாக்கிய செடிகளைத் தேடி அகற்றுதல். தாழ்வான தோட்டங்களில் பழம் முன்னதாகச் சிவக்கும். அண்டைத் தோட்டங்கள் பொதுப் பதிவேடு வைத்தால் அதே குழுவுக்குப் பல மாத வேலையைக் கோத்துத் தரலாம். அதுவரை, கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்கள் முதலில் கேட்கவேண்டியது தேதியிட்ட எடைச் சீட்டை. பெரும்பாலும் அது மேஸ்திரியின் சட்டைப் பையில்தான் இருக்கும்.