'லைட்' என்றால் லேசா?

புனே விஷ்ராந்த்வாடி, தானோரி, ஆளந்தி ரோடு வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் ராணுவ அலுவலகங்களிலும் வேலை கிடைத்து வந்து, இங்கேயே வீடு வாங்கிக்கொண்டவர்கள். இவர்களில் சிலர் சம்பள வாரத்தில் 'பர்மிட் ரூம்' பக்கம் ஒதுங்குவதும் உண்டு. வயது நாற்பதைத் தாண்டி, டாக்டர் தொப்பையைத் தட்டிப் பார்த்த பிறகு, "ரம்மை விட்டாச்சு. வோட்காவில் எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றி, லைட்டாக ஒன்று, அவ்வளவுதான்" என்பார்கள்.

அந்த 'லைட்' எவ்வளவு லேசு?

இந்தியாவில் விற்கும் வோட்கா, ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவிகிதச் சாராயம் கொண்டவை. 60 மில்லி பெரிய பெக்கில் சுத்தச் சாராயம் மட்டும் சுமார் 20 கிராம். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. சாராயத்துக்கோ 7 கலோரி. ஆக, சர்க்கரையே சேர்க்காத அந்தக் கிளாஸில் சுமார் 140 கலோரி! 30 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தியில் சுமார் 100 கலோரிதான். மூன்று கிளாஸ் உள்ளே போனால் நான்கு சப்பாத்தி சாப்பிட்ட கணக்கு. ஆனால் சப்பாத்தியில் உள்ள புரதமோ நார்ச்சத்தோ இதில் துளியும் இல்லை. எலுமிச்சையின் சத்து வெறும் சோடாவிலும் கிடைக்கும்.

பீர் குடித்தால் லேசு என்பாரும் உண்டு. 5 சதவிகித பீர், 650 மில்லி போத்தல் ஒன்றில் சாராயத்தால் மட்டும் சுமார் 180 கலோரி. தானியச் சத்தின் கலோரி தனி. 8 சதவிகித 'ஸ்ட்ராங்' என்றால் சாராயத்தின் பங்கே 280ஐத் தாண்டிவிடும்.

கோலா கலந்தால் இன்னும் மோசம். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. ஜின்னுடன் ஊற்றும் 'டானிக்' என்ற பெயரைப் பார்த்து மருந்துக்கடைச் சரக்கு என்று எண்ணிவிடக்கூடாது. சாதாரண டானிக் தண்ணீரிலும் சர்க்கரை உண்டு.

கலவை பானம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று 5 பொருள் கலந்ததால் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்தே 'பஞ்ச்' வந்தது என்பர். 1632லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதம் ஒன்றில் அப்பெயர் இருக்கிறது.

சாராயத்தை உடம்பால் சேமித்து வைக்க முடியாது. கல்லீரல் மற்ற வேலைகளை ஒத்திவைத்து முதலில் அதைத்தான் எரிக்கும். அதுவரை கொழுப்பு எரிவது தள்ளிப்போகும். கூடவே கொறித்த வறுத்த கடலை தொப்பையில் தங்குவது இப்படித்தான். ஒரு கைப்பிடிக் கடலையே 170 கலோரி!

உண்மையில் லேசான பானம் வேண்டுமென்றால் அதற்கும் பஞ்சமில்லை. இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோர் இருக்கிறது. கொங்கணத்துக் கோகம் பழத்தை ஊறவைத்து, உப்பும் சீரகமும் சேர்த்த தண்ணீர் இருக்கிறது. அதில் சர்க்கரையை அள்ளிப் போட்டால் மட்டும் கணக்கு மாறும். ஒரு ஸ்பூனுக்கு 20 கலோரி.

சர்க்கரை நோயாளி கவனத்துக்கு

கலோரியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ, கிளிமிப்ரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், "குடித்ததை ஈடுகட்டுகிறேன்" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பது உண்டு. ஆபத்து அங்கேதான். வயிறு காலியாக இருக்கும்போது ரத்தத்துக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் தயாரித்துத் தரும். சாராயம் அதைத் தடுக்கிறது. மருந்தோ இருக்கிற சர்க்கரையையும் இறக்குகிறது. இனிப்பில்லாத 'லைட்' கிளாஸும் பட்டினியும் சேர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். பல மணி நேரம் கழித்து, விடியற்காலையில்கூட நேரலாம்.

வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல் ஆகியவை இதன் அறிகுறிகள். பார்ப்பவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, பிறகு சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108க்குப் போன் செய்ய வேண்டும். வந்தவர்களிடம் "குடித்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லாமல், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.