ஏற்றத்தை விடுங்க, இறக்கத்தைக் கவனிங்க

எங்க ஊர் முக்கூடல். தாமிரபரணிக் கரையோர ரோடு பெரும்பாலும் சமதளம். அதில் மூணு மாசம் ஓடிட்டு, 21.1 கிலோமீட்டர்தானே என்று ஒரு காட்டுப்பாதை அரை மாரத்தானுக்குப் போனேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது; நடந்து சமாளிச்சேன். என்னைக் கவிழ்த்தது இறக்கம்தான். கடைசி மூணு கிலோமீட்டர் தொடை நடுங்கியது. அடுத்த ரெண்டு நாள் ஹாஸ்டல் படியில் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்கினேன்.

ஏன்? சின்னக் கணக்கு. உடல் எடை 60 கிலோ, மொத்த இறக்கம் 600 மீட்டர் என்று வைங்க. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூணையும் பெருக்கினால் சுமார் 350 கிலோஜூல். பைக்கில் இந்த ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகப் போகும். நமக்கு முக்கியமான பிரேக் முன்தொடைத் தசை. ஒவ்வொரு அடியிலும் அது இறுகிய நிலையிலேயே நீள வேண்டும். அதில் தசைநார்கள் நுண்ணிய அளவில் சேதமாகும். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும்.

நல்ல விஷயம், ஒரு தடவை இப்படி வேலை செய்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். அதனால் போட்டிக்கு ரெண்டு மூணு வாரம் முன்பே இறக்கம் பழகணும். அதுக்காக பாபநாசம் மலைக்குக் கிளம்பிடாதீங்க. அது 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்; அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. காலேஜ் மாடிப்படியே போதும். நடந்து ஏறுங்க, சின்னச் சின்ன அடியா மெதுவா ஓடி இறங்குங்க.

நான் ஆரம்பிச்சாச்சு. யாரெல்லாம் வர்றீங்க?