நெடுந்தூரப் பஸ் பிரயாணம்

மே மாதம் பிறந்துவிட்டால், தில்லியில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களுக்கு மலைவாசஸ்தலங்களின் நினைவு வந்துவிடுகிறது. மாலையில் காஷ்மீரி கேட் நிலையத்தில் பஸ் ஏறினால், மறுநாள் காலையில் மணாலியில் இறங்கலாம். தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல். பிரயாண நேரம் ஏறத்தாழ 12 முதல் 14 மணி. ஆனால், மலையழகைக் காணச் செல்வோரில் பலர் முதல் நாளைப் படுக்கையிலேயே கழித்துவிடுகின்றனர். மலையைக் குறை சொல்வதற்கில்லை. வழியில் நம் உடலை நாம் நடத்தும் விதமே இதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து இவ்வாறு புறப்பட்டோம். அண்டை வீட்டு அம்மையார் அறுபது வயதைக் கடந்தவர். அன்று பிற்பகலிலிருந்தே அவர் தண்ணீர் அருந்தவில்லை. காரணம் கேட்டதற்கு, "வழியில் எங்கே இறங்குவது?" என்றார். இரவு முழுவதும் இருக்கையை விட்டு எழவும் இல்லை. பொழுது விடிந்து குலுவை நெருங்குகையில் கால்கள் வீங்கியிருந்தன, தலை சுற்றியது, எழுந்து நிற்க இயலவில்லை. அங்கேயே இறங்கி, வைத்தியரிடம் காட்டி, அரை நாள் தங்க நேர்ந்தது. நீரின்மையும் அசைவின்மையுமே காரணம் என்றார் வைத்தியர்.

முதலில் அசைவைப் பற்றிக் கூறுவோம். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, கால்களிலுள்ள இரத்தத்தை இருதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. அசையாது உட்கார்ந்திருந்தால் இத்தொழில் நின்றுபோகிறது, இரத்தம் தேங்குகிறது, சிலருக்கு உறைந்தும் விடுகிறது. உறைந்த கட்டி நுரையீரலைச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடங்களில் இரவெல்லாம் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தே உறங்கினர். அவர்களிடையே இவ்விதத் திடீர் மரணங்கள் நேர்ந்ததை வைத்திய நிபுணர் கீத் சிம்ப்ஸன் 1940-ல் எடுத்துக்காட்டினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது உட்கார்ந்து பிரயாணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. பஸ், ரயில், விமானம் யாவற்றுக்கும் இது பொருந்தும். எனினும் நல்ல உடல்நலம் உடையவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது நேரக்கூடும். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒரு முறை குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்தினால் போதும். இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தாதவாறு ஒரு சிறு பையின்மீது பாதங்களை வைத்துக்கொள்வதும் நன்று. பஸ் நிற்கும் இடங்களிலெல்லாம் இறங்கிப் பத்து அடியாவது நடக்க வேண்டும். முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கலந்தே புறப்பட வேண்டும்.

அடுத்தது குமட்டல். உட்செவியிலுள்ள நுண்ணிய கருவி, பஸ் வளைவதையும் குலுங்குவதையும் உடனுக்குடன் மூளைக்கு அறிவிக்கிறது. கண்களோ முன்னிருக்கையின் முதுகையோ செல்பேசியையோ பார்த்து, "யாதும் அசையவில்லை" என்கின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதே குமட்டலுக்குக் காரணம். ஆகவே மலைப்பாதையில் படிப்பதை விட்டுவிட வேண்டும். பகலாயின் தொலைவில் உள்ளதைப் பார்க்க வேண்டும். இரவாயின் கண்களை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் குலுக்கல் மிகுதி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட இருக்கையைக் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை.

உணவிலும் நிதானம் வேண்டும். தில்லியை விட்டுச் சிறிது நேரத்தில் மூர்த்தல் வந்துவிடும். அங்கு வெண்ணெய் மிதக்கும் பராட்டாவின் மணம் யாரையும் இழுக்கும். ஆனால் அது செரிக்குமுன் சண்டிகரைக் கடந்து, நள்ளிரவுக்குப் பின் மலை வளைவுகள் தொடங்கிவிடுகின்றன. வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டு மூன்றுடன் இரவு உணவை முடித்துக்கொண்டு, பராட்டாவைத் திரும்பும் வழிக்கு ஒத்திவைப்பது நலம். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை வைத்தியரைக் கேட்டு, குமட்டல் தொடங்குமுன் உட்கொள்ள வேண்டும்; தொடங்கிய பின் அது வயிற்றில் தங்காது.

தில்லி கடல்மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் உள்ளது. மணாலி ஏறத்தாழ 2,000 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வீதம் குளிர்ச்சி மிகும். ஆதலால் கம்பளிச் சால்வை பஸ்ஸின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருந்து பயனில்லை. கைப்பையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். ஏற்றத்தில் காது அடைத்தால், ஒரு கிராம்பை வாயிலிட்டு அடிக்கடி உமிழ்நீர் விழுங்க, அடைப்பு நீங்கும்.

இறுதியாக, யாவற்றினும் முக்கியமானது தண்ணீர். பெண்மக்கள் பலர் தாகத்தை அடக்குவது அறியாமையால் அன்று. வழியில் தூய கழிப்பிடம் இல்லாமையாலும், இருட்டில் இறங்கும் அச்சத்தாலும், கேட்கக் கூசுவதாலுமே. நீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிகோலும். இதற்குப் பரிகாரம் புறப்படுமுன் தேட வேண்டும். பஸ் எங்கெங்கே நிற்கும், அங்கு என்ன வசதி உண்டு என்று கண்டக்டரிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். பெண்கள் இறங்கும்போது துணையாகச் செல்வது உடன்வரும் ஆடவரின் கடமை. ஒருவர் வேண்டி பஸ் ஐந்து நிமிஷம் நின்றால், மற்றப் பிரயாணிகள் முணுமுணுத்தல் ஆகாது.

நாங்கள் திரும்பிய அன்று, ஏறியவுடன் கண்டக்டரிடம் அம்மையாரின் நிலையை எடுத்துரைத்தோம். "மூன்று மணிக்கு ஒரு தடவை நிறுத்துகிறேன், மாதாஜி, தைரியமாகத் தண்ணீர் குடியுங்கள்" என்றார் அவர். சொன்னபடியே நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் அம்மையாருடன் இன்னும் நான்கைந்து பெண்கள் இறங்கினர். அதுவரை அவர்களுள் ஒருவரும் வாய்திறந்து கேட்டதில்லை. மறுநாள் காலை, தம் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு அம்மையார் தில்லியில் இறங்கினார்.