பாத்திர ஆட்டங்களில் புதிய இனங்கள்

பாத்திர ஆட்டம் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக மாறி விதிகளின்படி ஆடும் விளையாட்டு ஆகும். 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் ஆடுபவர் மனிதர், எல்ஃப், குள்ளர் போன்ற இனங்களுள் ஒன்றைத் தேர்வார். 2014ஆம் ஆண்டு விதிநூலில் 9 இனங்கள் இருந்தன. புதிய இனங்களைக் கற்பனை செய்வதும் ஆடுபவர்களின் வழக்கம்.

சமநிலை

தோற்றம் மட்டும் புதிய இனத்தை உருவாக்காது. அதன் வலிமைக்கு ஈடான குறையும் வேண்டும். தமிழ்நாட்டின் ஆடு புலி ஆட்டம் இதற்கு நல்ல சான்று. 3 புலிகளும் ஆடுகளைத் தாண்டி வெட்டலாம்; 15 ஆடுகளும் வெட்ட இயலாது. ஆயினும் புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளே வெல்லும். நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் 4 புலிகள், 20 ஆடுகள். எங்கும் வலியவை சில, எளியவை பல.

எடுத்துக்காட்டு: யாளி

கோயில் தூண்களில் காணப்படும் யாளியை ஓர் இனமாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். சிங்கத்தின் பாய்ச்சலும் யானையின் வலிமையும் சேர்ந்தால் வேறு இனத்தை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார். செஞ்சிக் கோட்டையைக் கதைக்களமாக்கினால், இராசகிரி உச்சிக்கு அருகிலுள்ள பாறைப்பிளவை யாளி பாலமின்றித் தாவலாம். ஆனால் பேருடலால் குறுகிய வழிகளில் நுழைய முடியாது என விதிக்கலாம். அங்கே குள்ளரின் துணை தேவைப்படும். இத்தகைய குறைதான் ஆடுபவர்களை ஒன்றுசேர்க்கிறது.